முட்டைச் சோழியின் வரலாறு

கோழிமுட்டை போன்று வெண்மையும் வழவழப்பும் கொண்ட கடல்நத்தை ஓடு ஒன்று பசிபிக் தீவுகளில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வந்தது. சாலமன் தீவினர் தம் போர்ப் படகுகளை இவ்வோடுகளால் அணிசெய்தனர். 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இதன் வடிவை நோக்கி, இலத்தீன் மொழியில் ‘முட்டை’ எனப் பொருள்படும் ‘ஓவம்’ என்னும் பெயரை இட்டார்.

ஆயின், ஓட்டைக் கண்டவர் உயிரைக் கண்டவராகார். உயிருள்ள நத்தையில் வெண்மை தோன்றுவது அரிது. வெண்புள்ளிகள் கொண்ட கரிய சதை, மேலங்கிபோல் ஓட்டைப் போர்த்திருக்கும். இது மேய்வது பாசியையன்று. பவளப் பாறைகளில் வளரும் மென்பவளங்களையே தின்கிறது. கல்லைப்போன்ற கூடு இல்லாத மென்பவளமோ, உடலில் ஊறும் நஞ்சினால் மீன்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்நஞ்சை உண்டும் நத்தை மடியாதது எங்ஙனம்?

இதற்குரிய விடை 1983-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘சார்க்கோபைட்டன்’ என்னும் மென்பவளத்தைத் தின்னும் இந்நத்தைகளை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். நஞ்சிலுள்ள உயிர்வளி அணு ஒன்று நீக்கப்பட்டு, நத்தையின் உடலுள் அது கடுமை குறைந்த வேறொரு பொருளாக மாறுவதைக் கண்டனர்.

பெயர் இட்டதற்கும் இவ்வுண்மை வெளிப்பட்டதற்கும் இடையே 225 ஆண்டுகள் கழிந்தன. ஓட்டின் அழகுக்காக நத்தையைக் கொன்றெடுப்போர்க்கு இவ்வரலாற்றின் முற்பகுதி மட்டுமே கைக்கு வருகிறது. வகுப்பில் இவ்வோட்டைக் காட்டும் ஆசிரியர், அதனுள் இருந்த உயிர் எதை உண்டு வாழ்ந்தது என்பதையும் உடன் உரைத்தல் நன்று.