ஸ்போர்ட்டர் ரைஃபிள்

ஸ்போர்ட்டர் ரைஃபிள்: படைக்கென்று செய்யப்பட்டு, பின்னர் உபரி என்று கழிக்கப்பட்ட ரைஃபிளின் எஃகு உடலை அப்படியே வைத்துக்கொண்டு, மரக்கட்டை, குறிபார்க்கும் கருவி, விசை, சில வேளை குழல் ஆகியவற்றை மாற்றி வேட்டைக்கு ஏற்றபடி ஆக்கிய துப்பாக்கி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதல் உலகப்போருக்கு முன்பே தோன்றிய இவ்வழக்கம் 1945 முதல் 1968 வரையிலான ஆண்டுகளில் உச்சத்தை எட்டியது. கடையில் புது ரைஃபிள் வாங்கக் கைக்காசு போதாத ஆலைத் தொழிலாளியும் சிறு பண்ணைக்காரரும், மான் வேட்டைப் பருவம் தொடங்குமுன், மாலை வேளைகளில் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து தமக்கென்று ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், சுவீடன் ஆகிய நாடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது.

தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று சொல்வதை இதனோடு சேர்த்து எண்ணக் கூடாது. அது குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுவது. முழுவதும் உள்ளூர்க் கொல்லர் கைவேலை. ஸ்போர்ட்டரிலோ வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் உடல் அரசு ஆயுதச்சாலையிலோ பெரிய ஆலையிலோ அடித்துப் பதப்படுத்தி, சோதித்து முத்திரை இடப்பட்டது. குழல் மாற்றுவதையும் பெரும்பாலோர் தொழில்முறைத் துப்பாக்கிக் கொல்லரிடமே விட்டனர். வீட்டில் நடந்தது பெரும்பாலும் மரவேலையும் மெருகு வேலையுந்தான். சாதாரண மனிதர் துணிந்து இதில் கைவைக்க முடிந்ததற்கும், வைத்தவர்களில் மிகப் பலர் சேதமின்றி முடித்ததற்கும் இதுவே காரணம்.

மவுசரின் தாழ்ப்பாள்

ஸ்போர்ட்டரின் வரலாறு ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ண்டார்ஃப் ஊரில் தொடங்குகிறது. அவ்வூர்க்காரரான பால் மவுசர் (1838–1914) வடிவமைத்த கெவேர் 98 என்னும் ரைஃபிளை ஜெர்மன் படை 1898-ல் ஏற்றது. பிறகு வந்த போல்ட் ரைஃபிள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அதன் வழித்தோன்றல்களே.

கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பழகியவருக்கு இதன் இயக்கம் உடனே விளங்கும். போல்ட் எனப்படும் உருண்ட எஃகுத் தண்டு ஒன்று குழலுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடுகிறது. முன்னே தள்ளிக் கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. தண்டின் முன்தலையில் இரண்டு தடித்த காதுகள் உள்ளன. மடக்கும்போது அவை உடலின் உட்பள்ளங்களில் திரும்பி உட்கார்ந்து, வெடிப்பின் உதையைத் தாங்குகின்றன. அவை தவறினாலும் தாங்கட்டும் என்று பின்பக்கம் மூன்றாவது காது ஒன்றையும் மவுசர் வைத்தார். தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து வாயு பின்னோக்கிப் பாய்ந்தால் அது சுடுபவரின் கண்ணில் அடிக்காமல் இடப்பக்கம் வெளியேறத் துளைகளும் விட்டார். சுடுபவரை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பாகமும் அமைந்திருக்கிறது.

தண்டின் பக்கவாட்டில் நீண்ட வில்லெஃகு நகம் ஒன்று உண்டு. தோட்டா பெட்டியிலிருந்து மேலேறிய கணமே அதன் அடிவிளிம்பை இந்நகம் பற்றிக்கொள்ளும். சுட்டு முடித்து வெற்றுக்கூட்டை வெளியே எறியும்வரை விடாது. துப்பாக்கி சாய்ந்திருந்தாலும் கவிழ்ந்திருந்தாலும் தோட்டா நழுவுவதில்லை. பிற்காலத்தில் செலவைக் குறைக்க இந்நகத்தைக் கைவிட்டு, தோட்டாவை வெறுமனே தள்ளிவிடும் அமைப்புக்கு ஆலைகள் மாறின. மவுசரின் முறையே மேலானது. ஆபத்தான விலங்கை எதிர்கொள்ளும் வேட்டைக்காரர்கள் இன்றும் அதையே நாடுகிறார்கள்.

அமெரிக்காவுக்கு இந்த அமைப்பு போர்க்களத்தின் வழியாகப் போய்ச் சேர்ந்தது. 1898 ஜூலையில் கியூபாவின் சான் ஹுவான் குன்றுகளில், எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஸ்பானிய வீரர்கள் 1893-ஆம் ஆண்டு மாதிரி 7 மி.மீ. மவுசர்களைக் கொண்டு அமெரிக்கப் படையைக் கடுமையாக அடித்தனர். அமெரிக்கரின் கிராக் ரைஃபிளில் தோட்டாக்களைத் தனித்தனியே போட வேண்டும். மவுசரில் ஐந்தையும் ஒரே அழுத்தில் இறக்கிவிடலாம். கிராக்கைக் கைவிட்டு 1903-ல் அமெரிக்கா ஏற்ற ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் மவுசரை அப்பட்டமாகப் பின்பற்றியது. அதற்காக மவுசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் உரிமத்தொகை கொடுக்க நேர்ந்தது. 1906-ல் அதற்கென வந்த .30-06 தோட்டா, மானுக்கும் எல்க்குக்கும் ஏற்ற வேட்டைத் தோட்டாவாக இன்றும் விற்பனையில் இருக்கிறது.

மேகமும் வெயிலும்

ஸ்பிரிங்ஃபீல்டின் தொடக்ககால உடல்களில் ஒரு குறை இருந்தது. எஃகைக் காய்ச்சிப் பதம்பார்க்கும் வேலை அனுபவசாலிகளின் கண்ணை நம்பி நடந்தது. உலையில் இரும்பு எந்தச் சிவப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்தே எடுத்தார்கள். மந்தாரமான நாளில் சரியாகத் தெரியும் நிறம், வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் மங்கித் தெரியும்; இன்னும் காயவில்லை என்று விட்டுவைப்பார்கள். இப்படிச் சில உடல்கள் உரிய சூட்டைவிட 300 பாரன்ஹீட் பாகை வரை கூடுதலாகக் காய்ந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றன. 1917-ல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய பிறகே வெப்பமானி வைத்துப் பார்த்து, முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு ஆயுதச்சாலையில் 2,85,507-க்கும் கீழான வரிசையெண் கொண்டவை இதனால் விலக்கத்தக்கவை. குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று இவற்றை வாங்கி மாற்றியவர்களும் உண்டு. எண்ணைப் பாராமல் எடுப்பது பெருந்தவறு.

தச்சர்களின் காலம்

தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் தமக்கென ஒரு வேட்டை மாதிரியைச் செய்வித்தார். 1909-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணம் போனபோது அதையும் எடுத்துச் சென்றார். 1910 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் லூயிஸ் வுண்ட்ஹாமர் செய்த கட்டைகள்தாம் ஸ்போர்ட்டருக்கு அழகிய உருவம் தந்தன. கைப்பிடியில் உள்ளங்கைக் குழியை நிரப்பும் மெல்லிய புடைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நியூயார்க்கின் சீமோர் கிரிஃபின் வீட்டு மரச்சாமான் செய்யும் தச்சர். ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்கப் பயண நூலைப் படித்துவிட்டு ஒரு ஸ்பிரிங்ஃபீல்டை வாங்கி, நல்ல அக்ரூட் மரத்தில் தாமே கட்டை கடைந்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். படை அதிகாரியும் எழுத்தாளருமான டவுன்சென்ட் வீலன், உலோக வேலையில் தேர்ந்த ஜேம்ஸ் ஹோவை அவருக்கு அறிமுகம் செய்தார். 1923-ல் 'கிரிஃபின் அண்டு ஹோ' பிறந்தது. எர்னஸ்ட் ஹெமிங்வே வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டு இவர்கள் செய்ததே. வீட்டுத் தச்சர் ஒருவரின் ஆசையில் முளைத்தது செல்வந்தர்களின் கடையாக வளர்ந்தது. ஆனால் அங்கே வாங்க முடியாதவர்கள் அதே உருவத்தைப் பத்திரிகைப் படங்களில் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டார்கள்.

வகைகள்

மூலத் துப்பாக்கியைக் கொண்டு ஸ்போர்ட்டர்களைப் பிரிப்பது வழக்கம். முதலிடம் மவுசர் 98 குடும்பத்துக்கு. ஜெர்மன் கார் 98கே, இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் மூட்டைகளோடு ஏராளமாக வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் படைக்கும் வேட்டைக்குமாக மவுசர் உடல்களைத் தனியாகவே விற்றது. சியர்ஸ் அங்காடி அதே உடலில் 'ஜே.சி. ஹிக்கின்ஸ்' என்ற தன் வணிகப்பெயரில் மலிவு ரைஃபிள் விற்றதால் நல்ல எஃகு சாமானியர் கைக்கு எட்டியது. இந்த அங்காடிக்கு வேட்டை உலகம் உரிய நன்றி செலுத்தவில்லை.

அடுத்து ஸ்பிரிங்ஃபீல்டு. பிறகு 1917 மாதிரி 'அமெரிக்கன் என்ஃபீல்டு': முதல் உலகப்போரில் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் ஆகிய மூன்று ஆலைகளில் 22 லட்சம் அளவுக்குச் செய்யப்பட்டது. கனமும் வலிமையும் மிக்கது. பின்பக்கக் குறியைக் காக்க இரண்டு எஃகுச் செவிகள் யானைக்காதுபோல் எழுந்து நிற்கும். அவற்றை அராவி வழவழப்பாக்காமல் தொலைநோக்கி பூட்ட இயலாது. போர் முடிந்து மிஞ்சிய பாகங்களை வீணாக்காமல் ரெமிங்டன் 1921 முதல் 'மாடல் 30' வேட்டை ரைஃபிளாக்கி விற்றதும் ஒருவகையில் ஆலையே செய்த ஸ்போர்ட்டர்தான்.

பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டில் பத்துத் தோட்டாப் பெட்டியும் விரைவும் உண்டு. ஆனால் தண்டு பின்பக்கம் பூட்டுவதால் மவுசருக்கு நிகர் என்று சொல்ல முடியாது. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் அதை ஆயிரக்கணக்கில் மாற்றி விற்றது. ஜப்பானிய அரிசாகாவை முரட்டு இரும்பு என்று பலரும் ஒதுக்கினர். துப்பாக்கிக் கொல்லர் பி.ஓ. அக்லி பல நாட்டு உடல்களை உடையும்வரை சோதித்தபோது அதுவே மற்றவற்றைவிடத் தாக்குப்பிடித்தது. சுவீடனின் 6.5 மி.மீ. மவுசர் உதை குறைந்தது, குறி தப்பாதது.

மேசைமேல் நடந்த வேலை

மிசூரி மாநிலத்தில் வார்சா என்றொரு சிற்றூர். அங்கிருந்த பிஷப், ஃபேஜன் என்னும் இரு நிறுவனங்கள் எந்திரத்தில் முக்கால்வாசிக்கு மேல் கடைந்த அக்ரூட் கட்டைகளைத் தபாலில் அனுப்பின. அயோவாவின் பிரவுனெல்ஸ் உளியும் அரமும் விற்றது. 1930-ல் வீவர் என்பவர் மலிவு விலைத் தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். நேர்கோடாக நீட்டிய படைக் கைப்பிடி தொலைநோக்கியில் இடிக்கும் என்பதால் அதைத் தாழ்வாக வளைத்துத் தரும் கொல்லர்கள் ஊருக்கு ஊர் தோன்றினர். செலவையும் இப்படிப் பிரித்துக்கொண்டார்கள். இந்த மாதம் கட்டை, அடுத்த மாதம் விசை, சம்பளம் கூடினால் தொலைநோக்கி.

எஞ்சிய கால்வாசி வேலைதான் நேரத்தைத் தின்றது. எஃகின் அடிப்புறத்தில் விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசுவார்கள். கட்டையில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்புப் பொட்டு விழும். அந்தப் பொட்டை மட்டும் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவி, பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும்வரை ஐம்பது அறுபது தடவை. பொறுமையிழந்து ஒருமுறை ஆழச் சீவினால் போயிற்று. உதையைத் தாங்கும் முனை மரத்தில் முழுதாகப் பதியாவிட்டால் சில வெடிகளிலேயே கட்டை பிளக்கும்.

பின் ஈரத்துணியால் துடைத்து அடுப்பனலில் காட்டுவார்கள். மரத்தின் மயிர்கள் சிலிர்த்து எழும், உப்புத்தாளால் தேய்ப்பார்கள். எழுவது நிற்கும்வரை இதே வேலை. கடைசியாக ஆளிவிதை எண்ணெய். துணியால் பூசுவதில்லை, உள்ளங்கையில் சூடு பிறக்கும்வரை தேய்ப்பது. நாளுக்கொரு தடவையாக ஒரு வாரம், வாரத்துக்கொரு தடவையாக ஒரு மாதம், மாதத்துக்கொரு தடவையாக ஓராண்டு, பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கொரு தடவை என்று கணக்குச் சொல்வார்கள். கடையில் வாங்கிய எந்த ரைஃபிளின் கட்டையிலும் அந்த ஆழ்ந்த செம்பழுப்பைக் காண முடியாது.

வரலாற்றுப் பொருளைச் சிதைத்துவிட்டார்கள் என்று சேகரிப்பாளர் சிலர் இவர்களைக் குறை கூறுவதுண்டு. அன்று இவை பீப்பாய்களில் செருகி விற்ற உபரிச் சரக்கு. அடுத்த வழி பழைய இரும்புக் கடைதான். வேலைக்காரரின் கை பட்டதால் பிழைத்தவை ஏராளம்.

சட்டம்

1963-ல் ஜான் கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட இத்தாலிய கார்கானோ, சிக்காகோ கடையொன்றிலிருந்து தொலைநோக்கியோடு 19.95 டாலருக்கும் தபால்செலவுக்கும் பொய்ப்பெயரில் வரவழைத்த உபரி ரைஃபிள். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டபின் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் விற்பனையை நிறுத்தியது. படை உபரி இறக்குமதியையும் அடைத்தது. 1984-ல் பழம்பொருள் வகைக்கு மட்டும் கதவு திறந்தது.

இந்தியாவில் இவ்வழக்கம் வேரூன்ற இடமில்லை. கிளர்ச்சிக்காரர் கைக்குப் படைத்தோட்டா போய்விடும் என்ற அச்சத்தில் ஆங்கிலேய அரசு .303 ரைஃபிளைக் குடிமக்களுக்கு மறுத்தது. .315 என்னும் வேறு அளவு அதனால்தான் இங்கே நிலைத்தது. இஷாப்பூர் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே அந்த அளவில் வேட்டை ரைஃபிள் செய்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த .275 ரிக்பி ரைஃபிளும் மவுசர் உடலில் அமைந்ததே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும் மாற்றுவதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இன்றைய நிலை

சாவேஜ், ரூகர் போன்ற ஆலைகளின் மலிவு ரைஃபிள்கள் வந்தபின், மாற்றும் செலவைவிடப் புதிது வாங்குவதே குறைவு என்றாயிற்று. பழம்பொருள் சந்தையில் கைபடாத 1903 ஸ்பிரிங்ஃபீல்டுக்கு, அக்ரூட் கட்டை போட்டு மாற்றியதைவிடக் கூடுதல் விலை.