கரிசலில் இறங்கிய கூடாரம்

தொடர் – 11

போன வாரம் முதலூரில் நிறுத்தியிருந்தோம். மதம் மாறியதற்காக அடிபட்டு, வீடிழந்து நின்ற பனையேறிகளைக் குடிவைக்க 1799இல் டேவிட் சுந்தரானந்தம் முன்நின்று உருவாக்கிய ஊர் அது. அடுத்த அரை நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதித் தேரிக்காடுகளில் ஊர் ஊராகச் சர்ச் எழுந்தது, பள்ளிக்கூடம் எழுந்தது. ஆனால் வடக்கே, சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பாதிரிமார் கால் வைத்தது குறைவு. வைத்தவர்களும் தங்கவில்லை.

1854இல் அங்கே தங்குவதற்கென்றே ஒருவர் வந்தார். தாமஸ் ராக்லாண்ட். பிறந்தது ஸ்பெயினின் தென்கோடியில், ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஜிப்ரால்டரில். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்றவர். கல்லூரியிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். 1846இல் மெட்ராஸுக்கு வந்து சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்தின் செயலாளரானார். சில வருஷங்களில் அந்த நாற்காலியையும் விட்டுவிட்டுக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்தார். துணைக்கு டேவிட் ஃபென், மெடோஸ் என்று இரண்டு இளைஞர்கள்.

தெற்கே வேலை செய்தவர்கள் ஓரிடத்தில் பங்களா கட்டி, சுற்றிலும் சபையை வளர்த்தார்கள். ராக்லாண்டின் வழி வேறு. மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஓர் ஊர்ப்புறத்தில் இறங்குவது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடந்து போய்ப் பேசுவது, முடிந்ததும் கூடாரத்தைப் பிடுங்கி அடுத்த ஊர். கூடவே நம்மூர் உபதேசியார்கள் நடந்தார்கள். தெற்கத்திச் சபைகள் முறைவைத்து அவர்களை அனுப்பின. அவர்களுடைய செலவையும் அந்தச் சபைகளே ஏற்றன. சபையார் பெரும்பாலும் பனையேறிகள். விடிவதற்கு முன் மரமேறிப் பதனீர் இறக்கியவரின் காணிக்கைக் காசு இது. கேம்பிரிட்ஜ்காரரின் பெயர் புத்தகங்களில் நிற்கிறது. அந்த உபதேசியார்களில் பெரும்பாலோருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இந்த மிஷன் கதையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

கரிசலில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் பத்தடி வைப்பதற்குள் காலில் சேறு அப்பிக் கனக்கும். வண்டிச் சக்கரம் குடத்தளவு புதையும். சித்திரையில் அதே மண் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். அந்த வெயிலில் கூடாரத் துணிக்குக் கீழே நாலு வருஷம். ராக்லாண்டின் நுரையீரல் தாங்கவில்லை. 1858 அக்டோபர் 22, சிவகாசியில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். வயது 43.

இதே காரியம் ஸ்பானியர் கையில் எப்படி நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1769இல் ஹூனிப்பெரோ செர்ரா என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் முதல் மிஷனைத் தொடங்கினார். 1823க்குள் அங்கே 21 மிஷன்கள். பாதிரியார் வந்தபோது சிப்பாய்களும் கூடவே வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகள் மிஷன் வளாகத்தில்தான் வாழவேண்டும், அதன் வயலில்தான் உழைக்கவேண்டும். ஓடிப்போனால் சிப்பாய் பிடித்து வருவான், சவுக்கடி விழும். அடைத்துவைத்த இடங்களில் அம்மையும் பிற நோய்களும் புகுந்து குடும்பம் குடும்பமாகக் கொன்றன. 1775இல் குமெயாய் மக்கள் சான் டியாகோ மிஷனுக்குத் தீ வைத்தார்கள். 1785இல் சான் கேப்ரியல் மிஷனுக்கு எதிரான கிளர்ச்சியில் தொய்புரினா என்ற இளம்பெண் முன்நின்றாள், பிடித்து நாடுகடத்தினார்கள். அதே செர்ராவுக்கு 2015இல் போப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்த மக்களின் வாரிசுகள் பலர் கொதித்தெழுந்தார்கள். நியாயமான கொதிப்பு.

ராக்லாண்டின் கூடாரத்துக்கு வாசலில் சிப்பாய் கிடையாது. நாடு கம்பெனிக்காரன் கையில் இருந்தது உண்மை. வெள்ளைத் தோலுக்கு இருந்த மரியாதையும் உண்மை. ஆனாலும் கேட்டவன் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். இந்தச் சீமையில் பெரும்பாலோர் எழுந்து போனார்கள்.

காரணம் பேட்டைகளில் இருக்கிறது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என ஆறு ஊர் நாடார்கள், தெற்கத்திப் பனையேறிகளின் அதே சாதியார், அதற்குள் வணிகர்களாகக் காலூன்றியிருந்தார்கள். வண்டியும் சரக்கும் பத்திரமாக இறங்கச் சுற்றுச்சுவர் போட்ட பேட்டை. விற்பனையில் ஒரு சிறு பங்கை ஊர்ப்பொதுவுக்கு எடுத்துவைக்கும் மகமை. வழக்கைத் தீர்க்க உறவின்முறை. தெற்கே மிஷன் கொடுத்த பாதுகாப்பில் பெரும்பகுதியை இவர்கள் தாங்களே கட்டி வைத்திருந்தார்கள்.

தெற்கே கிடைத்ததெல்லாம் பாதுகாப்பு மட்டுமா? அவமதிப்பும் சேர்ந்தே வந்தது. இடையன்குடியில் பள்ளியும் சர்ச்சும் எழுப்பிய அதே கால்டுவெல், 1849இல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற நூலில், தம் சபை மக்களையே அறிவு மட்டுப்பட்டவர்களாகவும் இலங்கையிலிருந்து வந்தேறியவர்களாகவும் எழுதினார். எழுத்தறிவு பெற்ற தலைமுறை அதைப் படித்தது, பொங்கியது, மறுத்து நூல்கள் எழுதியது. மிஷன் பள்ளியில் படித்தவர்கள்தான் மிஷன் பெரியவரை எதிர்த்து எழுதினார்கள்.

வடக்கத்தி ஊர்கள் பள்ளிக்கூடத்தின் அருமையைக் கவனித்து வைத்துக்கொண்டன. 1889இல் விருதுபட்டி உறவின்முறை சத்திரிய வித்தியாசாலையைத் திறந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம், சம்பளம் கிடையாது. உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள் வீட்டுப் பெண்கள். பிடியரிசி. அதைத் திரட்டி விற்ற காசும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பின்னாளில் அந்த வித்தியாசாலையில் படித்த பையன்களில் ஒருவர் காமராஜ்.

பணம் சேர்ந்தது, படிப்பு வந்தது. கோயில் வாசலும் தேரோடும் வீதியும் மட்டும் திறக்கவில்லை. எட்டயபுரம் ஜமீனுக்குட்பட்ட கழுகுமலையில் நாடார்கள் ரத வீதியில் ஊர்வலம் போகும் உரிமை கேட்டு வருஷக்கணக்கில் போராடினார்கள். கோர்ட் கைவிரித்தது. அதன்பின் அவர்கள் எடுத்த முடிவு ஜமீனை அதிர வைத்தது. தலைமுறை தலைமுறையாக முருகனைக் கும்பிட்டவர்கள் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். அதே வீதியிலிருந்த ஒரு வீடு கோயிலாயிற்று. ஆராதனை மணி அடித்தது. ராக்லாண்டின் கூடாரத்தால் நடக்காதது, சாத்திய ஒரு தெருவால் நடந்தது.

1895, பங்குனி உத்திரம். கழுகாசலமூர்த்தி தேர் நிலையை விட்டுக் கிளம்பி அந்தத் தெருவில் திரும்பியது. சர்ச் வாசலில் வீதிப் பக்கமாக நீண்டு நின்றது ஓலைப் பந்தல். பந்தலைப் பிரித்தால்தான் தேர் போகும் என்றது ஜமீன் தரப்பு. பிரிக்க முடியாது என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். வடம் பிடித்த கைகள் நின்றன. ஜமீன் மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலை நோக்கி நடந்தார். அங்கே ஒருவன் இடுப்பில் கத்தி இருந்தது.

(தொடரும்)