குண்டு போன தூரம்



கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகிற நாம் தேவனாம்பட்டினம் வழியாகத்தான் போகிறோம். கெடிலம் ஆற்றோரம் இருக்கும் இந்த மீனவக் கிராமத்தின் வரலாற்றை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1690-ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிகு யேல். வேல்ஸ் நாட்டின் பாதுகாவலரான புனித தாவீதின் பெயர் கோட்டைக்குச் சூட்டப்பட்டது. கோட்டையோடு நிலமும் சேர்த்தே விற்கப்பட்டது. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவும் கம்பெனிக்கு!

கம்பெனியார் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியையும் கைதேர்ந்த ஆளையும் வரவழைத்துப் பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூரும் சுற்றியிருந்த ஊர்களும் அந்த எல்லைக்குள் அகப்பட்டன. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதன் நினைவே என்பர்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, இந்தக் கோட்டையே சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாயிற்று. 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று எஞ்சியிருப்பவை சில இடிபாடுகளே.

திருவிவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் அறிவோம். ஆகாபு அரசன் கொடியவன்தான். ஆனாலும் முதலில் நாபோத்திடமே வந்து, "உன் நிலத்தைத் தருவாயா?" என்று கேட்டான். மூதாதையர் சொத்தைத் தரமாட்டேன் என்று மறுக்க நாபோத்துக்கு ஒரு வாய்ப்பாவது இருந்தது. நம் ஊர்களில் வலை இழுத்தவரையும் ஏர் பிடித்தவரையும் யார் கேட்டார்கள்? விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். எல்லையைச் சொன்னது பீரங்கி.

கோட்டை போய்விட்டது; மக்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த பின்னும் தேவனாம்பட்டினத்தார் மீண்டும் கடலில் படகு இறக்கினார்கள். ஊர் என்பது அவர்களே.

இன்றும் நிலம் அளக்கப்படுகிறது. சாலைக்காக, ஆலைக்காக, துறைமுகத்துக்காக அளக்க வருகிறார்கள். பீரங்கி இல்லை, வரைபடம் இருக்கிறது. அங்கே வாழ்பவரைக் கேட்டார்களா என்று கேட்பது நம் கடமை. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நாமும் போவோம். பேசத் தயங்கும் ஏழையின் பக்கத்தில் போய் அமர்வோம்.

இறைவன் நம்மையும் நம் ஊர்களையும் ஆசீர்வதிப்பாராக.