புரியாத பாஷையில் ஒரு தண்டனை

பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தைப் பிரெஞ்சில் படித்தவன் நான். பதினான்காம் லூயி முதல் நெப்போலியன் வரை கடகடவென்று ஒப்பிப்பேன். நம் புதுச்சேரியிலேயே நடந்த நைனியப்ப பிள்ளை வழக்கைப் பற்றியோ, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் படித்தேன்.

நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தகப்பனாருக்கு மைத்துனர் முறை. 1716-ல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுமை செய்தார், கலகம் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. விசாரித்த சபைக்குத் தலைவரும் அதே கவர்னர்தான்!

தீர்ப்பு: கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, சொத்து பறிமுதல், பிறகு ஊரை விட்டே வெளியேற வேண்டும். மறு வருஷமே, 1717-ல், சிறையிலேயே அவர் உயிர் போயிற்று.

அந்த விசாரணை நடந்த விதம்தான் என்னை உறுத்துகிறது. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்த்துகீசியத்துக்கு மாறி, பிறகு பிரெஞ்சில் பதிவாயிற்று. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டோம் என்று சிலர் பின்னால் சொன்னார்கள்.

பிள்ளையின் மக்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்சு அரசருக்கு மனுப் போட்டார்கள். இங்கிருந்த பிரெஞ்சு வியாபாரிகளிலும் பாதிரிமார்களிலும் சிலர் துணை நின்றார்கள். மூத்த மகன் குருவப்பா பாரீசுக்கே போனார். தீர்ப்பு ரத்தாயிற்று, எபேர் பதவி இழந்தார். குருவப்பா செவாலியே பட்டத்தோடு திரும்பி, தகப்பனார் வகித்த உத்தியோகத்தில் அமர்ந்தார். பறித்த பதவியைத் திருப்பித் தரலாம். போன உயிரை?

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிது. ஒரு பாட்டியம்மா ஆங்கிலத்தில் தட்டெழுதிய காகிதத்தைப் பார்த்து, "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டார். வரிசை நீளமாக இருந்தது. "ஒண்ணும் இல்லை ஆயா, இங்க வையுங்க" என்று கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன். அவருக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. ஆனால் படித்துக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். அதை நான் தரவில்லை.

குற்றவாளியோ நிரபராதியோ, தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பது ஒருவனுக்குத் தன் பாஷையில் தெரிய வேண்டும். தண்டனையெல்லாம் அதற்குப் பிறகுதான். நைனியப்ப பிள்ளைக்கு அந்த நியாயம் கிடைக்க பாரீசு வரை போக வேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.