இழுத்துவிட ஒரு விமானம்

சித்திரை, வைகாசியில் உச்சி வெயிலில் திருமயம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கோட்டைப் பாறை கொதிக்கும். ஆடு மாடுகூட நிழல் தேடிப் படுத்துவிடும். அந்த நேரத்தில் பாறைக்கு மேலே நாலைந்து பருந்துகள் இறக்கையை ஒரு தரம்கூட அடிக்காமல் வட்டம் போட்டபடி உயர உயரப் போய்க்கொண்டிருக்கும். சின்ன வயதில் அப்பாவிடம் காரணம் கேட்டேன். "சூடு காத்தைத் தூக்குது, காத்து பருந்தைத் தூக்குது" என்றார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் தொழில் அவருக்கு. படிப்பு நாலாம் வகுப்பு. பிற்பாடு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பேராசிரியர் கரும்பலகை நிறையச் சூத்திரம் எழுதிச் சொன்னதும் இதைத்தான்.

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரும் அந்தப் பருந்தைப் போலத்தான் ஏறும். ஆனால் பருந்து தானே எழும்பிப் போய்ச் சூட்டுக்காற்றைப் பிடித்துக்கொள்ளும். கிளைடரை யாராவது அங்கே கொண்டுபோய் விட வேண்டும். இந்தப் பதிவு அந்த 'யாராவது' பற்றியது.

கல்லூரி நாளில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தேன். பெங்களூருப் பக்கம் ஒரு முகாமில்தான் ரோகிணி கிளைடரில் முதன்முதலாக ஏறினேன். மரச்சட்டம், அதன்மேல் துணி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் வின்ச் எஞ்சின் எஃகுக் கம்பியை விறுவிறுவென்று சுற்றி இழுக்கும். கண்மாய்க் கரையில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பட்டம் ஏற்றுகிறோமே, அதே கதைதான். முந்நூறு மீட்டர் உயரம் போவதற்குள் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றி இறங்க ஐந்து நிமிடம். இறங்கியதும் பயிற்சியாளர் சொன்னார்: "இழுத்துப் போக ஒரு விமானம் இருந்தா அரை மணி நேரம் மேலேயே இருந்திருப்போம் தம்பி."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் நாலு வருடம் அலைந்தேன்.

ரோகிணி நம் நாட்டுச் சரக்கு. டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தை ஒட்டி சிவில் விமானத் துறைக்கு ஒரு தொழில்நுட்ப மையம் இருந்தது. எஸ். ராமாமிர்தம், கே.பி. கணேசன் என்று அங்கே வடிவமைப்பில் முன்னின்றவர்களின் பெயர்களைப் பார்த்தாலே நம் பக்கத்து வாடை அடிக்கும். அவர்கள் கிளைடர்களுக்கு வைத்த பெயர்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிஷம், ஆருத்ரா. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும், நட்சத்திர வரிசைதான்! அசுவினி பறந்தது 1958இல், ரோகிணி 1961இல். ரோகிணி மட்டும் நூற்றுக்கு மேல் தயாரானது. என்.சி.சி.யில் இருந்த பல பையன்கள் முதலில் தரையை விட்டு எழும்பியது அதில்தான்.

இத்தனை கிளைடர் செய்தவர்கள் அவற்றை இழுக்கவென்றே ஒரு விமானம் செய்யவில்லை. அந்த மையம் எஞ்சின் வைத்த சிறு விமானமும் செய்தது. ரேவதி என்று பெயர், 145 குதிரைத்திறன், 1967இல் பறந்தது. ஆனால் அது பறக்கும் கிளப்புகளின் பயிற்சிக்காக வரைந்தது. அதுவும் தொடர் உற்பத்திக்குப் போகவில்லை.

கயிறு கட்டி இழுப்பதில் என்ன பெரிய வடிவமைப்பு என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சித்தப்பாவின் லாரி கீரனூர் தாண்டி நின்றுபோகும் வரை. இன்னொரு லாரியில் வடம் கட்டிப் புதுக்கோட்டைக்கு இழுத்து வந்தோம். முன் லாரி கொஞ்சம் வேகம் குறைத்தால் வடம் தொய்யும், மறுபடி வேகமெடுத்தால் வெடுக்கென்று இழுபடும். மூன்று இடத்தில் அறுந்தது. நடுரோட்டில் சித்தப்பா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆகாயத்தில் இந்தத் தொய்வும் வெடுக்கும் பக்கவாட்டிலும் வரும், மேலும் கீழுமாகவும் வரும்.

அதிலும் மோசமானது ஒன்று உண்டு. பின்னால் வரும் கிளைடர் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் கயிறு முன் விமானத்தின் வாலை மேலே தூக்கிவிடும். மூக்கு தரையைப் பார்க்கும். தாழ்வாக இருக்கும்போது இப்படி ஆனால் இழுப்பவர் பிழைப்பது கஷ்டம். அதனால் இரண்டு முனையிலும் கழற்றும் கொக்கி வைப்பார்கள். கயிற்றில், குறிப்பிட்ட பளுவுக்கு மேல் போனால் தானே அறுந்துபோகும்படி வேண்டுமென்றே ஒரு பலவீனமான துண்டும் சேர்ப்பார்கள். கயிறு முறுக்கேறி இழுத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கொக்கி கழன்றாக வேண்டும். எங்கள் வரைபடத்தில் மூன்று முறை அழித்து வரைந்த இடம் அதுதான்.

இரண்டாவது சிக்கல் சூடு. மரக் கிளைடரை மணிக்கு நூறு, நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது. எஞ்சினோ முழு மூச்சாக உழைக்கும், மெதுவாகப் போவதால் அதைக் குளிர்விக்கக் காற்றுப் போதாது. கிளைடரைக் கழற்றிவிட்டுச் சட்டென்று கீழே பாய்ந்தால் நேர்மாறு. கொதித்த சிலிண்டர் திடீரென்று குளிர்ந்து விரிசல் விடும். பழுக்கக் காய்ந்த பட்டையை எப்போது தண்ணீரில் விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் அப்பாவுக்கு நான் இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

1927இலேயே ஜெர்மனியில் ஃபீஸலர் விமானம் ஓட்ட, எஸ்பென்லாபின் கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். அதன்பிறகு பெரும்பாலும் கையில் கிடைத்த விமானத்தை வைத்தே காலம் ஓடியது. அமெரிக்காவில் வயலுக்கு மருந்தடிக்கச் செய்த பைப்பர் பானி, 1959 முதல் வந்தது, உலகம் முழுக்கக் கிளைடர் இழுப்பதில் பெயர் வாங்கிவிட்டது. மருந்துத் தொட்டியோடு மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கச் செய்ததற்கு இந்த வேலை பொருந்திப் போனது. கிளப்புகளின் தேவையை மனதில் வைத்தே செய்தவர்கள் போலந்துக்காரர்கள். 1962இல் பறந்த அதன் பெயர் வில்கா, அவர்கள் மொழியில் மாங்குயில். நீண்ட கால்களும் தூக்கிய மூக்குமாக வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். ஆனால் துண்டு நிலத்திலிருந்து எழும்பும். ஏறக்குறைய ஆயிரம் செய்தார்கள்.

எம்.ஐ.டி.யில் கடைசி வருடம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இழுவை விமானம் ஒன்றைத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டோம். 1973. ஒருவன் கும்பகோணம், ஒருவன் பாலக்காடு. ஸ்லைடு ரூலைத் தள்ளித் தள்ளிப் போட்ட கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. விமானம் 800 கிலோ, கிளைடர் 500 கிலோ. இரண்டையும் வினாடிக்கு 3 மீட்டர் ஏற்ற சுமார் 50 குதிரைத்திறன். காற்றின் தடையை வெல்ல இன்னொரு 46. அவ்வளவு மெதுவான வேகத்தில் ப்ரொப்பெல்லர் நூற்றுக்கு அறுபதுதான் உருப்படியாகத் தரும் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் 160க்குக் குறையக்கூடாது. 180 என்று முடிவு செய்தோம். அன்றைக்குக் கிளப்புகளில் இருந்த நம் ஹெச்.ஏ.எல். புஷ்பக்குக்கு 90தான். இதே கணக்கை அதற்குப் போட்டால் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் வந்தது. 600 மீட்டர் ஏற எங்களுடையதற்கு மூன்றரை நிமிடம், புஷ்பக்குக்கு எட்டு நிமிடம். பெட்ரோல் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் இறக்கை, எஃகுக் குழாய்ச் சட்டம், துணிப் போர்வை. பேராசிரியர் ஒரு மணி நேரம் படங்களைப் புரட்டினார். கொக்கியைப் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் சரிப்பா. இந்தியாவில இது எத்தனை வேணும்?" என்றார். கும்பகோணத்தான் கிளப்புகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "இருபது சார்" என்றான். அவர் சிரிக்கவில்லை. "இருபது விமானத்துக்கு யாரும் தொழிற்சாலை போடமாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நல்ல மதிப்பெண் போட்டார்.

அவர் சொன்னது சரியென்று அன்று ஒப்புக்கொள்ளவில்லை, இன்று முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். மிச்சக் கால்வாசி இது: புதிதாகச் செய்யாவிட்டாலும் இருந்ததை மாற்றியிருக்கலாம். புஷ்பக்கின் அண்ணன் மாதிரி கிருஷக் என்று ஒன்று 1959இலேயே பறந்தது, 225 குதிரைத்திறன். ராணுவத்துக்குப் போனது. மருந்தடிக்கவென்று ஹெச்.ஏ.எல். செய்த பசந்த் 400 குதிரைத்திறனோடு 1972இல் வந்தது. பானிக்குக் கிடைத்த மறுவாழ்வு அதற்கு வாய்க்கவில்லை. 39 செய்ததோடு நின்றுபோனது. இரண்டில் ஒன்று, வாலில் ஒரு கொக்கியோடு, சூடேறும் நம் வறண்ட சீமைக்கு வந்திருந்தால்? நார்த்தாமலையும் திருமயமும் கிளைடர்காரனுக்குப் பொன்விளையும் பூமி.

'அக்னிச் சிறகுகள்' படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. எங்களுக்குப் பதினைந்து வருடம் முன்னால் அதே குரோம்பேட்டையில் படித்த அப்துல் கலாம், நாமே விமானம் செய்வோம் என்று தமிழில் கட்டுரை எழுதி, எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கப் போட்டியில் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசு வாங்கியிருக்கிறார். அந்த இடத்துக் காற்றிலேயே ஏதோ இருந்திருக்கிறது. அவர் ராக்கெட்டுக்குப் போனார், நான் திருவெறும்பூருக்குக் கொதிகலன் வரையப் போனேன். முப்பத்து மூன்று வருடம். குறையொன்றும் இல்லை, சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும்.

பாலக்காட்டுக்காரன் கனடாவில் இருக்கிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பானி கிளைடர் இழுப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாகப் போன மாதம் போனில் சொன்னான். கும்பகோணத்தான் நாலு வருடம் முன்பு போய்விட்டான். படங்கள் அவனிடம்தான் இருந்தன. அவன் மகள் தேடி எடுத்துத் தகரக் குழாயில் போட்டு அனுப்பியிருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். இறக்கையின் ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. வால் பகுதித் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. கொக்கிக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்தில், பென்சிலில், "இன்னொரு தரம் சரி பார்க்க" என்று எழுதியிருந்தது. நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.