எமி கார்மைக்கேல்: துன்பமும் ஒப்புக்கொடுத்தலும்

எமி கார்மைக்கேல் (16 டிசம்பர் 1867 – 18 ஜனவரி 1951) அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து மறைந்த மிஷனரி, எழுத்தாளர். செங்கோட்டைக்கு மேற்கே புளியறையிலிருந்து குற்றாலம், பாபநாசம் என்று தெற்கே நீளும் மலையடிவாரத்தில், களக்காட்டை அடுத்த டோனாவூரில் அவர் 1901 முதல் குழந்தைகள் இல்லம் நடத்தினார். அந்தச் சிற்றூர் 1820களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் உருவானது. பணம் கொடுத்த பிரஷியப் பிரபு டோனாவின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. குழந்தைகளைக் காத்தவர் என்றே எமியை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கிறிஸ்தவ உலகம் அவரை அதிகம் வாசித்ததோ, மனவேதனையைப் பற்றியும் தன்னை வெறுத்தலைப் பற்றியும் அவர் எழுதியவற்றுக்காக.

1895-இல் இந்தியா வந்தவர், இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தமிழ் கற்பித்து ஊழியத்தில் வழிகாட்டியவர் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) மிஷனரி தாமஸ் வாக்கர். 1901 மார்ச்சில், கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டப்படுவோம் என்று அஞ்சி ஓடிவந்த ஒரு சிறுமி எமியிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து வேலையின் போக்கே மாறியது. கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்தவர் தொட்டிலருகே உட்கார வேண்டியதாயிற்று. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். டோனாவூரில் ஊழியப் பெண்கள் ‘அக்காள்’, ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’, எமி எல்லோருக்கும் ‘அம்மா’. துரைசானி என்ற விளிக்கு அங்கே இடமில்லை.

தியாகம் என்ற சொல்லுக்கு எமி கொடுத்த பொருள் கடினமானது. சம்பளம் இல்லை, யாரிடமும் பணம் கேட்கக் கூடாது, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்ல வேண்டும். 1916-இல் அவர் அமைத்த சகோதரிகள் குழுவில் சேர்ந்த பெண்கள் திருமணத்தை விட்டு ஊழியத்தையே வாழ்வாக ஏற்றார்கள். கைக்குழந்தைகளின் மலஜலம் கழுவுவது ஆத்தும ஆதாயமா என்று கேட்ட மிஷனரிகளுக்கு அவருடைய பதில், சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுவே.

இழப்புகள் நெருங்கி நெருங்கி வந்தன. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பச்சிளம் குழந்தைகளை வைத்துப் பார்த்த காலத்தில் வயிற்றுப்போக்கு பரவிப் பல குழந்தைகள் இறந்தன. 1912-இல் மசூலிப்பட்டணத்துக்குப் பிரசங்கிக்கப் போன வாக்கர் அங்கேயே காலமானார். அடுத்த ஆண்டு எமியின் தாயார். நெய்யூர்க் குழந்தைகளை வளர்த்தெடுத்த பொன்னம்மாள் புற்றுநோயில் நலிந்து 1915-இல் இறந்தார். இளம் விதவையாக வந்து ஊழியத்தில் சேர்ந்தவர் அவர். அவரைப் பற்றி எமி ஒரு தனி நூலே எழுதினார். மார்பில் அடித்து ஒப்பாரி வைக்கும் சீமையில், டோனாவூர்ச் சாவு வீட்டில் பாட்டும் பூக்களும் இருந்தன. அழுகையே கூடாது என்ற சட்டமல்ல அது. ஆனால் வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அன்றைக்கே பாடச் சொல்வது எவ்வளவு பாரம் என்பதையும் மறக்க முடியாது.

துக்கத்தைப் பற்றிய அவருடைய கவிதைகளில் பெயர்பெற்ற ஒன்று, துயருற்ற மனம் தேடும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. மறந்துவிடப் பார்க்கிறது, ஓயாத வேலையில் மூழ்குகிறது, எல்லோரிடமிருந்தும் விலகுகிறது, பிறகு விதியே என்று தலைகுனிகிறது. எதிலும் சமாதானம் கிடைக்கவில்லை. நடந்ததை அன்புள்ள ஒருவரின் கையிலிருந்து வாங்குவதுபோல் ஏற்கும்போதுதான் மனம் அமைகிறது என்கிறார். பணிந்துபோவதையும் ஏற்பதையும் அவர் வேறுபடுத்தியதுதான் அவருடைய சிந்தனையின் மையம். ‘ஏன்’ என்ற கேள்விக்கு விளக்கம் தேடி அவர் அதிகம் அலையவில்லை.

1931 அக்டோபர் 24 அன்று அந்தப் போதனை அவர் உடம்பிலேயே சோதிக்கப்பட்டது. களக்காட்டில் மருந்தகத்துக்கென எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கிய மாலை வெளிச்சத்தில், புதிதாகத் தோண்டியிருந்த கக்கூஸ் குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் அடிபட்டது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று நினைத்தவர், கடைசிவரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அந்த அறையிலிருந்துதான் புத்தகங்களில் கணிசமானவை பிறந்தன. 1933-இல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயாளி நோயாளிக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. திடமாக நடமாடுகிறவர்கள் படுக்கையில் கிடப்பவர்களுக்கென எழுதும் ஆறுதல் பிரசுரங்கள் தமக்கு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். தூக்கம் வராத இரவு, மனச்சோர்வு, ஜெபித்தும் தீராத வலி ஆகியவற்றை மூடி மறைக்காமல் எழுதியதே அந்நூலின் பலம்.

எல்லா எழுத்துக்கும் அதே பாராட்டைத் தர முடியாது. 1938-இல் வெளியான ‘இஃப்’ மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட சிறு நூல். வாசகர் தம்மிடமுள்ள தன்னலத்தைத் துருவித் துருவிப் பார்க்கவும், குறை தெரிந்தால் கல்வாரியின் அன்பைத் தாம் இன்னும் அறியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் அது கேட்கிறது. அகந்தைக்கு அது நல்ல மருந்து. ஏற்கெனவே குற்றவுணர்வில் குமைகிறவர் கையில் கிடைத்தால் புண்ணைக் கிளறும். இந்தியச் சமூகம் பற்றிய அவருடைய ஆரம்ப எழுத்தின் தொனியும் அக்காலத்திலேயே சர்ச்சைக்குள்ளானது. ஒரு சிறுமியை உறவினரிடம் ஒப்படைக்கும்படி 1911-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடைக்கலம் தந்தவருக்கும் பெற்ற குடும்பத்துக்கும் இடையே இருந்த அந்த வேதனையில் அவருடைய நூல்கள் ஒரு தரப்பைத்தான் சொல்கின்றன. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் மதராஸ் சட்டம் வந்தது 1947-இல். அதற்கான நெடிய போராட்டத்தில் முன்னின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1956 ஜனவரியில் ஈக்வடார் காட்டில் நான்கு தோழர்களோடு கொல்லப்பட்ட ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத் எலியட், சிறுவயது முதலே எமியை வாசித்தவர். அவர் எழுதிய எமியின் வாழ்க்கை வரலாறு 1987-இல் ‘எ சான்ஸ் டு டை’ என்ற பெயரில் வெளிவந்து ஒரு புதிய தலைமுறை வாசகர்களைச் சேர்த்தது. எமியின் உடல் டோனாவூர் வளாகத்திலேயே, அவர் கேட்டபடி கல்லறைக்கல் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தொடங்கிய டோனாவூர் ஐக்கியத்தை இப்போது இந்தியர்களே நடத்துகிறார்கள்.