சுன்னத் ரத்தமும் காமாலை வீடும்

ஆம்பூரில் ஒரு வீடு. சுன்னத் செய்து மூன்று நாளாகியும் பையனுக்கு ரத்தம் நிற்கவில்லை. மாற்றிக் கட்டிய வெள்ளைத் துணி அரை மணியில் ஊறிவிடுகிறது. "கத்தி வைத்தவர் கை சரியில்லை" என்கிறார்கள். இன்னொரு வீட்டில் பாட்டி ஈரல் சுருங்கிப் போனார், மாமாவும் அப்படியே. இப்போது ஷூ கம்பெனியில் தைக்கும் பேத்திக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி. "காமாலை எங்க பரம்பரையிலேயே ஓடுது" என்கிறார்கள். இப்படிப்பட்ட இரு வீடுகளிலும் காரணம் பெரும்பாலும் இடம் மாறியே கிடக்கும்.

முதல் வீட்டில் சந்தேகிக்க வேண்டியது ஹீமோபிலியாவை. ரத்தம் உறையத் தேவையான எட்டாவது காரணி, சிலருக்கு ஒன்பதாவது, பிறவியிலேயே போதாது. கத்தி அதை உண்டாக்குவதில்லை, வெளியே காட்டுகிறது. குறை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் சுமப்பாள், மகன் அவதிப்படுவான். விருத்தசேதனத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்தால் மூன்றாமவனுக்கு வேண்டாம் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர்கள் விலக்குக் கொடுத்தார்கள். அக்கா தங்கைகளின் பிள்ளைகளையும் அதில் சேர்த்து யோசித்தார்கள். ஆகவே விசாரிக்க வேண்டியது தாய்மாமன்களை: பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் தவித்தவர், முழங்கால் அடிக்கடி வீங்கி நொண்டியவர் யாராவது உண்டா? ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்கதையே கிடையாது. மரபணு புதிதாக மாறியிருக்கும். கத்தியின் மேல் பழி விழ அதுவே போதும். கத்தி தப்பினால், "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்று தாயின் தலையில் ஏற்றுகிறார்கள். இந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடிவதில்லை. மகனுக்கு இந்நோய் வர அத்தை மகன், மாமன் மகள் உறவே தேவையில்லை.

இரண்டாம் வீட்டில் ஓடுவது பரம்பரை அல்ல, வைரஸ். பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்கு ஏறுகிறது. பச்சிளம் வயதில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட நிலைக்கும். பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. இதனால்தான் ஒரே வீட்டில் வரிசையாக ஈரல் கெடுகிறது. கீழாநெல்லி குடித்துக் கண் வெளுத்ததும் போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். வைரஸ் உள்ளேயே இருக்கும்.

ஆபரேஷனை இங்கே முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. சரியாகக் கொதிக்க வைக்காத கருவி, பரிசோதிக்காத ரத்தம் வழியாகவும் இது வரும். தொற்றியபின் நோய் வெளிப்பட ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். கத்தி படுமுன் எடுத்த ரத்தத்திலேயே வைரஸ் தெரிந்திருந்தால் அந்த ஆபரேஷன் காரணமல்ல. முதல் வீட்டுக்கு மாமன்கள் வரிசை எவ்வளவு முக்கியமோ, இங்கே தேதி அவ்வளவு முக்கியம். பழைய பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி.யில், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் மரபணு சிகிச்சை செய்து 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றது. ஆனாலும் மாறியது அவர்கள் ரத்தம் மட்டும்தான். அவர்களுக்குப் பிறக்கும் மகள் அந்தக் குறையைச் சுமந்தே பிறப்பாள். காமாலை வீட்டிலோ, பேத்திக்குப் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, மீதித் தவணைகளையும் முடித்தால், பெரும்பாலும் அந்தத் தலைமுறையோடு சங்கிலி அறுந்துவிடும்.